அம்மாவுக்கு அடித்த மணி

சேசு மரி சூசை

உப்பாத்துறை,
9-2-1958

பிரியமுள்ள தங்கை சகாயராணிக்கு அண்ணன் சிலுவைமுத்து எழுதுவது. அம்மாவும் உன் மதினி பிலோமினாளும் நானும் தேவமாதா கிருபையால் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளை ஆரோக்கியதாஸும் உன் மாமியாரும் சுகமாயிருப்பதை எழுது.

நீ கல்யாணம் முடிந்து திண்டுக்கல் போனதிலிருந்து அம்மா சாயங்காலம் கரைக்கு வருவதை விட்டுவிட்டாள். ஏன் என்று கேட்டால், "அவ இல்லாமக் கரையில போய் நான் யாருகூடப் பேச?" என்கிறாள். இருமல் கொஞ்சம் உண்டு. பனி போனால் அதுவும் போய்விடும்.

உன் ஞானத்தகப்பன் கஸ்பார் மாமாவையே மறுபடி ஊர்த் தலைவராக வைத்துவிட்டார்கள். எதிர்த்து நிற்க யாருக்கும் மனசில்லை. அவர் மகன் ராயப்பன் நைலான் வலை வாங்கியிருக்கிறான். நம் ஊருக்கு அதுதான் முதல். ஆளாளுக்கு வந்து தொட்டுப் பார்த்து, இழுத்துப் பார்த்து, பெருமூச்சு விட்டுப் போகிறார்கள். பக்கத்து ஊர்க் கீழத்துறைக்காரர்கள் மட்டும் நம் எல்லைக்குள் வந்து வலை போடுவதாகச் சச்சரவு. அவர்களும் நம் வேதம், நம் சாதி. பெண் கொடுத்து எடுத்திருக்கிறோம். கடலில் இறங்கினால்தான் பகை.

உன் கூட்டுக்காரி ரோசாரி தினமும் வந்து, "ராணி காயிதம் போட்டாளா?" என்று கேட்டு உயிரை வாங்குகிறாள். கஸ்பார் மாமாவும் அத்தையும் உபதேசியாரும் பக்கத்து வீட்டு லூர்து அக்காளும் உனக்குத் தோத்திரம் சொல்லச் சொன்னார்கள். அம்மா முத்தம் சொன்னாள்.

அண்ணன்,
சிலுவைமுத்து

*

சேசு மரி சூசை

மரியநாதபுரம், திண்டுக்கல்,
30-3-1958

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை ராணி எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் இருமல் எப்படியிருக்கிறது? சுக்குக் கஷாயம் கொடுக்கச் சொல்லுங்கள் மதினியிடம்.

இங்கே வெயில் இப்போதே கொளுத்துகிறது. மலைக்கோட்டைப் பாறை பகலெல்லாம் காய்ந்து, இருட்டிய பிறகும் அனலை விடுகிறது. காற்று வந்தாலும் அதில் ஈரம் கிடையாது. இவரோடு அய்யலூர்ச் சந்தைக்கு ஒருநாள் போனேன். ஒரு பக்கம் ஆட்டுக் கூட்டம், ஒரு பக்கம் நம் கருவாட்டுக் கடை. கத்தரிக்காய் விற்க வந்த காளியம்மாள் என்ற பெண், நான் கடற்கரைக்காரி என்று தெரிந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். "கடலு எம்புட்டுப் பெருசுத்தா இருக்கும்? எங்க ஊருக் கம்மா மாதிரி ரெண்டு இருக்குமா?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. அவள் பயந்துபோய் நாலு கத்தரிக்காயைக் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

அம்மாவிடம் ஒரு சேதி சொல்லுங்கள். போன மாதம் முதல் எனக்குக் கருவாட்டு வாசனை ஆகவில்லை. கருவாட்டுக்காரன் வீட்டில் வாழ்க்கைப்பட்டுவிட்டு இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். மாமியார் மட்டும் விரல்விட்டு எண்ணி, ஐப்பசியில் பிறக்கும் என்றார்கள்.

பேகம்பூர் சனாவுல்லா மாமா போன வாரம் நம் ஊரிலிருந்து லாரியில் கருவாடு ஏற்றி வந்தார். கீழத்துறை ஆள் ஒருவரின் சடலம் நம் கரையில் ஒதுங்கியதாகவும், போலீசு வந்ததாகவும் சொன்னார். யார் அண்ணே? என்ன நடந்தது?

ரோசாரிக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். எல்லோருக்கும் என் தோத்திரம்.

தங்கை,
சகாயராணி

*

சேசு மரி சூசை

உப்பாத்துறை,
18-5-1958

அன்புள்ள ராணிக்கு அண்ணன் ஆசீர்வாதம். உன் கடிதம் வந்தது. பதில் தாமதம். வேலை.

நீ எழுதிய சேதியை அம்மாவுக்குப் படித்துச் சொன்னேன். இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். பிறகு ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர்க் குடம் தூக்காதே, பாரமான மூட்டைக்குக் கை கொடுக்காதே என்று எழுதச் சொன்னாள்.

இறந்தவர் பெயர் வியாகுலம். என் வயதுதான் இருக்கும். கடலில் தவறி விழுந்ததாக ஊரில் பேசிக்கொண்டார்கள். சர்க்கார் விசாரணை நடந்தது. என்னையும் கூப்பிட்டார்கள், போய் வந்தேன். வேறு விசேஷம் இல்லை.

இப்போது நான் கடலுக்குப் போகவில்லை. உப்பளத்தில் வேலை. கொஞ்ச நாளைக்கு இப்படி இருக்கட்டும் என்று பார்க்கிறேன்.

அம்மாவும் பிலோமினாளும் உனக்கு முத்தம் சொன்னார்கள்.

அண்ணன்,
சிலுவைமுத்து

*

சேசு மரி சூசை

திண்டுக்கல்,
22-6-1958

அன்புள்ள அண்ணனுக்கு, தேவமாதா உங்கள் எல்லோரையும் காப்பாற்றட்டும். நான் சுகம். வாந்தி நின்றுவிட்டது. இப்போது பசி தாங்கவில்லை.

நீங்கள் ஏன் உப்பளத்துக்குப் போகிறீர்கள்? அப்பா காலத்திலிருந்து நம் வீட்டில் யாராவது உப்புச் சுமந்தது உண்டா? கட்டுமரம் உடைந்துபோயிற்றா? மறைக்காமல் எழுதுங்கள்.

ஆகஸ்டில் நம் கோயில் திருவிழா வருகிறதே. கொடியேற்றத்துக்கே வந்துவிட ஆசை. இவரும் சம்மதித்துவிட்டார். அப்படியே ஏழாம் மாத வளையலைப் போட்டு என்னை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையைப் பெற்று, குளித்து எழுந்து வருகிறேன். தலைப்பிள்ளை தாய் வீட்டில்தானே பிறக்க வேண்டும். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு பெற வேண்டும் என்று இருக்கிறேன்.

ரோசாரிக்கு இரண்டு கடிதம் போட்டும் பதில் இல்லை. கஸ்பார் மாமாவுக்கும் எழுதினேன். எப்போதும் உடனே எழுதுகிறவர், அவரும் எழுதவில்லை. எல்லோரும் என்னை மறந்துபோனார்களா?

தங்கை,
ராணி

*

சேசு மரி சூசை

உப்பாத்துறை,
20-7-1958

அன்புள்ள ராணிக்கு,

எல்லோரும் சுகம். நீ இப்போது வர வேண்டாம். ஊரில் பிள்ளைகளுக்கு மணல்வாரி அம்மை கண்டிருக்கிறது. வயிற்றுப் பிள்ளைக்காரி வரக்கூடாது. திருவிழாவும் இந்த வருஷம் சுருக்கமாகத்தான் இருக்கும் என்கிறார்கள். பிரசவத்தை அங்கேயே வைத்துக்கொள்வது நல்லது. திண்டுக்கல்லில் நல்ல ஆஸ்பத்திரி இருக்கிறது. இங்கே மருத்துவச்சிக்கும் வயதாகிவிட்டது.

வளையல்களைச் சனாவுல்லா மாமா வழியாக அனுப்பப் பார்க்கிறேன்.

மாப்பிள்ளையும் உன் மாமியாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சிலுவைமுத்து

*

சேசு மரி சூசை

திண்டுக்கல்,
31-8-1958

அண்ணனுக்கு,

அம்மா சுகமா? மதினி சுகமா? நான் இருக்கிறேன்.

வளையல் வரவில்லை. ஏழாம் மாதம் பிறந்த அன்று காலையில் குளித்து, தலை வாரி, நல்ல புடவை கட்டி வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் மாமியார் வந்து, "ஏத்தா, ஒங்க வீட்டு ஆளுக வரலையாக்கும்? அம்புட்டு வேலையா ஒங்கண்ணனுக்கு? சரி, எந்திரிச்சுச் செத்த நேரம் படு" என்றார்கள். குத்திச் சொல்லவில்லை. இரக்கப்பட்டுச் சொன்னார்கள். அதுதான் தாங்க முடியவில்லை. மறுநாள் அவர்களே கடைவீதிக்குப் போய்க் கண்ணாடி வளையல் வாங்கி வந்து என் கையில் போட்டார்கள்.

முந்தாநாள் சனாவுல்லா மாமா வந்தார். "மாமா, எங்க ஊர்ல மணல்வாரி நின்னுருச்சா?" என்று கேட்டேன். அவர் முழித்தார். "மணல்வாரியா? இல்லையே தாயி. திருவிழா ஜேஜேன்னு நடந்துச்சு. வாணவேடிக்கைகூட விட்டாக" என்றார். "எங்க வீட்டுக்குப் போனீங்களா?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டார். "இல்ல தாயி. அந்த வாசல்ல என்னயப் பாத்தாகன்னா எனக்குச் சரக்குத் தரமாட்டாக. மேல கேக்காத. ஒங்கண்ணன் நல்ல மனுசன், அம்புட்டுதான் நாஞ் சொல்லுவேன்" என்று எழுந்து போய்விட்டார்.

அண்ணே, நீங்கள் என்ன செய்தீர்கள்? யாரோ ஒருவர் வாயிலிருந்து நான் கேட்கும்படி விடாதீர்கள். நான் அம்மா வயிற்றில் உங்களுக்குப் பின்னால் பிறந்தவள்.

ராணி

*

சேசு மரி சூசை

உப்பாத்துறை,
28-9-1958

அன்புள்ள ராணிக்கு அண்ணன் எழுதுவது. உனக்கு இது எட்டாம் மாதம். மனசை அலட்டிக்கொள்ளாமல் படி. முடிந்தால் மாப்பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை விடியும் நேரம். நான் வலையை உதறிக்கொண்டிருந்தேன். கீழத்துறை வியாகுலம் பாய்மரம் முறிந்து நம் கரையில் ஒதுங்கினான். முந்தின நாள்தான் ராயப்பனின் புது வலை கடலில் அறுபட்டிருந்தது. அறுத்தது இவன்தான் என்று நம் ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். "நான் இல்ல மாமா, சத்தியமா நான் இல்ல" என்று கும்பிட்டுக்கொண்டே நின்றான். ராயப்பன் துடுப்பை எடுத்துத் தலையில் அடித்தான். கும்பிட்ட கை பிரியாமல் விழுந்தான். பிறகு அவனை இழுத்துக் கடலில் விட்டார்கள். கூப்பிடு தூரத்தில் நான் நின்றேன். தடுக்கவில்லை. அதையும் நீ தெரிந்துகொள்.

கடலில் தவறி விழுந்து செத்தான் என்று எல்லோரும் ஒரே வாயாகச் சொல்ல வேண்டும் என்று ஊர் கூடி முடிவு செய்தார்கள். நானும் தலையாட்டிவிட்டுத்தான் வந்தேன். விசாரணை அன்று வியாகுலத்தின் மனைவி மிக்கேலம்மாள் கைப்பிள்ளையோடு வந்து, வரிசையில் நின்ற ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, "அண்ணே, நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டாள். ஒவ்வொருவரும் இல்லை என்றார்கள். என் முன்னாலும் வந்து நின்றாள். எனக்கு இல்லை என்று வரவில்லை. அதிகாரியிடம் கண்டதைச் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே எங்களை ஊர் விலக்கு வைத்தார்கள். யாரும் பேசக்கூடாது. கடையில் சாமான் கிடையாது. ஊர்க் கிணற்றில் தண்ணீர் கிடையாது. என்னோடு ஒருவரும் கட்டுமரம் ஏறக்கூடாது. பிலோமினாள் உப்பளத்துக்கு அப்பால் மணலில் ஊற்றுத் தோண்டி இறைத்து வருகிறாள். ரோசாரி எங்கள் வாசலைக் கடக்கும்போது முந்தானையால் முகத்தை மறைத்துக்கொள்கிறாள். அவள்மேல் கோபப்படாதே. அவளுக்கும் அதே கிணறுதான்.

எங்கள் இருவருக்கும் இது பழகிவிட்டது. அம்மாவுக்குத்தான் முடியவில்லை. பூசைக்குப் போய் உட்கார்ந்தால் அந்த வரிசையில் இருந்தவர்கள் எழுந்து வேறு பக்கம் போகிறார்கள். அன்றோடு கோயிலுக்குப் போவதை விட்டாள். கோயில் சாமியார் ஊரிடம் எடுத்துச் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. எங்கள் வீட்டில் சாவு விழுந்தால் மணி கிடையாது, தூக்க ஆள் கிடையாது என்பது ஊர்த் தீர்மானம். அம்மா அதையேதான் திரும்பத் திரும்பக் கேட்கிறாள். "லேய், அப்போ என்னய யாருலே தூக்குவா?"

நவம்பரில் ஜில்லா கோர்ட்டில் வழக்கு. என்னை விட்டால் சாட்சி இல்லை. ராயப்பனைப் பிடித்துப் போன மூன்றாம் மாதமே ஜாமீனில் விட்டுவிட்டார்கள்.

உன்னை வரவிடாமல் செய்ததற்கு இதுதான் காரணம். வந்திருந்தால் உனக்கும் தண்ணீர் கொடுத்திருக்க மாட்டார்கள். மணல்வாரி என்று பொய் எழுதியதை மன்னித்துக்கொள்.

உன் அண்ணன்,
சிலுவைமுத்து

*

சேசு மரி சூசை

திண்டுக்கல்,
12-10-1958

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தபின் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. அம்மாவை இங்கே கூட்டிவந்துவிடலாம் என்று இவரிடம் அழுதேன். இவரும் சரி என்றார். ஆனால் அம்மா வருவாளா? அப்பா கல்லறைப் பக்கத்தில் படுக்க வேண்டும் என்றுதானே எப்போதும் சொல்வாள்.

இங்கே நிலைமையையும் எழுத வேண்டும். கஸ்பார் மாமாவின் கருவாட்டுக் கிட்டங்கியிலிருந்து எங்கள் கடைக்குச் சரக்கு நின்றுவிட்டது. சனாவுல்லா மாமா வெறும் லாரியோடு வந்து, "எனக்கு ஒண்ணும் புரியல தாசு, ஒனக்குக் குடுக்கக் கூடாதுன்னுட்டாக" என்றார். இவர் என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. மாமியார்தான் கேட்டார்கள். "ஒங்கண்ணன் சொன்னதுல செத்தவன் எந்திரிச்சு வந்துட்டானா? பெத்தவ கெடந்து சாகுறாளே, அது தெரியலையா அவனுக்கு?"

அண்ணே, நான் நிறைய யோசித்துத்தான் எழுதுகிறேன். விடிந்தும் விடியாத நேரம் என்கிறீர்கள். அந்த வெளிச்சத்தில் அடித்தது யார் என்று சரியாகத் தெரியவில்லை என்று கோர்ட்டில் சொன்னால், அது பெரிய பொய்யா? மிக்கேலம்மாளை நினைத்தால் எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் எனக்கு இருப்பது ஒரே அம்மா. மணி இல்லாமல், ஆள் இல்லாமல், நாய் பூனையைப் புதைப்பது போல அவளைப் புதைப்பீர்களா? அதற்கா நம்மைப் பெற்றாள்?

இந்தக் கடிதத்தை அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள். அவள் என்ன சொல்கிறாளோ அப்படிச் செய்யுங்கள். நான் கும்பிட்டுக் கேட்கிறேன்.

தங்கை,
சகாயராணி

*

சேசு மரி சூசை

உப்பாத்துறை,
7-12-1958

அன்புள்ள தங்கை சகாயராணிக்கும் மாப்பிள்ளை ஆரோக்கியதாஸுக்கும் சிலுவைமுத்து எழுதுவது.

பெண் குழந்தை பிறந்த சேதி கிடைத்தது. சந்தோஷம். நான் அடித்த தந்தியை மாப்பிள்ளை வாங்கிக்கொண்டதாகவும், பச்சை உடம்பு என்று உன்னிடம் உடனே சொல்லவில்லை என்றும் எழுதியிருந்தார். அவர் செய்தது சரி. இப்போது உனக்குத் தெரிந்திருக்கும். அம்மா நவம்பர் இருபதாம் தேதி, மத்தியானம், நல்ல நினைவோடு போனாள். பெயர்த்தி பிறந்ததைக் கேட்டுவிட்டுத்தான் போனாள்.

அடக்கம் குறைவில்லாமல் நடந்தது. உயிர் போகுமுன் சாமியார் வந்து அவஸ்தை எண்ணெய் பூசினார். ஊர் முழுவதும் வந்தது. அன்று யாரும் கடலுக்குப் போகவில்லை. பெரிய மணியை விடாமல் அடித்தார்கள். கஸ்பார் மாமா முன்னால் நின்று எல்லாவற்றையும் நடத்தினார். தலைமாட்டில் அவரே தோள் கொடுத்தார். கால்மாட்டில் ராயப்பன். ரோசாரியும் லூர்து அக்காளும் அம்மாவைக் குளிப்பாட்டினார்கள். ரோசாரி கதறியதைப் பார்த்து எல்லோரும் அழுதார்கள். அப்பா கல்லறைக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது.

எல்லாம் சரியாகிவிட்டது. பிலோமினாள் ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்கிறாள். உங்கள் கடைக்கும் சரக்கு வரும் என்று மாமா சொன்னார்.

முப்பதாம் நாள் பூசைக்கு நீ வர முடியாது. தை மாதத்தில் பிள்ளையோடு வா. எல்லோரும் உன்னை எதிர்பார்க்கிறார்கள்.

சிலுவைமுத்து

*

சேசு மரி சூசை

திண்டுக்கல்,
25-1-1959

அன்புள்ள அண்ணனுக்கு ராணி எழுதுவது. நானும் பிள்ளையும் சுகமாக வந்து சேர்ந்தோம். வழியில் பிள்ளைக்கு ஒன்றும் செய்யவில்லை. மதினியின் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், மெலிந்துவிட்டாள்.

ஒரு வாரம் அங்கே இருந்தேன். ஒரு வாரமும் நீங்கள் என்னோடு தனியாக உட்காரவில்லை. நான் அடுப்படிக்கு வந்தால் நீங்கள் கரைக்குப் போனீர்கள். கரைக்கு வந்தால் வீட்டுக்குப் போனீர்கள். அம்மா கல்லறையில்கூடக் கஸ்பார் மாமா நம் இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார். அதனால் அங்கே பேச முடியாததை எழுதுகிறேன்.

ஊரே என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. வீட்டுக்கு வீடு சோறு. கஸ்பார் மாமா பிள்ளைக்குச் சங்கிலி போட்டு, "இவளுக்கும் நான்தான் ஞானத்தகப்பன்" என்றார். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். ராயப்பன் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினான். அவன் கையைப் பார்த்தேன், சாதாரணமாகத்தான் இருந்தது.

திரும்பி வரும் நாளில் நீங்கள் என்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டுப் போனீர்கள் அல்லவா? கீழத்துறைக்குப் பாதை பிரியும் விலக்கில் பஸ் நின்று, டிரைவர் டீ குடிக்க இறங்கினார். சிப்பிச் சுண்ணாம்பு விற்கும் ஒரு பெண் கூடையோடு ஜன்னல் பக்கம் வந்தாள். என்னைப் பார்த்து நின்றாள்.

"நீங்க சிலுவைமுத்து அண்ணன் தங்கச்சியா? முகச்சாடை அப்படியே இருக்கு."

"ஆமா. நீங்க?"

"நான் மிக்கேலம்மா. வியாகுலத்துக்க பெஞ்சாதி."

இறங்கி ஓடிவிடலாமா என்று இருந்தது. அவள் பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஒங்க அம்மைக்கு மணி அடிச்சது எங்க ஊரு வரைக்கும் கேட்டுச்சு. நான் எழும்பி நின்னு செபம் சொன்னேன்."

"எங்க அண்ணன் மேல கோவமா அக்கா?" என்று கேட்டேன்.

"கோவப்பட்டு என்ன செய்ய? அவரு ஒருத்தர்தான் ஒரு தடவையாவது பாத்தேன்னு சொன்னாரு. அப்புறம் கோர்ட்டுல தெரியலைன்னுட்டாரு. அவரு கஷ்டம் அவருக்கு." கூடையைத் தலையில் வைத்துக்கொண்டாள். போகிறாள் என்று நினைத்தேன். போகவில்லை. "என் மூத்த மக கேக்கா, 'அப்பாவுக்கு நீந்தத் தெரியாதாம்மா?'ன்னு. தண்ணியில விழுந்து செத்துட்டாருன்னுதான எல்லாரும் சொல்லுதாங்க. நான் அவகிட்ட என்ன சொல்ல?"

அதற்குள் பஸ் எடுத்துவிட்டார்கள்.

அண்ணே, கோர்ட்டில் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதை நீங்களும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்காமலே எனக்குத் தெரியும். நான் எழுதிய வார்த்தையைத்தானே சொல்லியிருப்பீர்கள்? விடிந்தும் விடியாத வெளிச்சம் என்று?

கடையில் சரக்கு நிறைந்துவிட்டது. மாமியார் முகம் மலர்ந்திருக்கிறது. அந்தக் கருவாட்டு வாசனை வரும்போதெல்லாம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவில் போய் நிற்கிறேன். சங்கிலியைக் கழற்றிவிட்டேன். ஞானஸ்நானத்தை இங்கேயே வைத்துக்கொண்டோம், ஞானத்தகப்பனாக இவருடைய சித்தப்பாவை நிறுத்தினோம். கஸ்பார் மாமாவுக்கு நானே எழுதிவிட்டேன்.

நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று இனி நான் எழுத மாட்டேன். அம்மா கடைசியில் என்ன சொன்னாள் என்பதை மட்டும் எழுதுங்கள்.

தங்கை,
ராணி

*

சேசு மரி சூசை

உப்பாத்துறை,
22-2-1959

அன்புள்ள ராணிக்கு அண்ணன் எழுதுவது. பிலோமினாள் இப்போது தேவலை. பிள்ளை குப்புற விழுகிறாளா?

நீ கேட்டதற்கு முதலில் பதில். அக்டோபரில் நீ எழுதிய கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அவ சொல்லுத மாதிரியே சொல்லிருலே" என்றாள். அவ்வளவுதான். வேறொன்றும் சொல்லவில்லை. நான் கஸ்பார் மாமா வீட்டு முற்றத்தில் போய் நின்றேன். அவர் என்னைத் திட்டவில்லை, மிரட்டவில்லை. "வா மருமகனே, சாப்பிட்டியா?" என்றார். ஏழு மாதத்துக்குப் பிறகு ஊரில் ஒருவர் என்னிடம் பேசினார். அந்த ஒரு சொல்லுக்கே நான் உடைந்துபோனேன் என்பதுதான் உண்மை. கோர்ட்டில் மிக்கேலம்மாள் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். உன் கடிதம் சொன்னது என்று நினைக்காதே. அங்கே பேசிய வாய் என்னுடையது.

அதற்குப் பிறகு ஆறு நாள் அம்மா இருந்தாள். வீடு நிறைய ஜனங்கள். ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. கூப்பிட்டாலும் கண்ணை மூடிக்கொண்டாள். சந்தோஷமாகப் போனாளா, வருத்தத்தோடு போனாளா என்று எனக்குத் தெரியாது. உன்னிடம் தனியாக உட்காராததற்கு அதுதான் காரணம். நீ இதைக் கேட்டுவிடுவாய் என்று பயந்தேன்.

தை மாதம் நீ எழுதிய கடிதம் வந்த அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து சாமியார் உள்ளே போனதும், ஜனங்கள் எழுவதற்கு முன் நான் எழுந்து நின்றேன். "வியாகுலம் தண்ணியில விழுந்து சாகல. ராயப்பன் துடுப்பால அடிச்சான். நான் பாத்தேன். கோர்ட்டுல நான் சொன்னது பொய்" என்றேன். யாரும் கத்தவில்லை. ராயப்பன் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். கஸ்பார் மாமா என்னைத் திரும்பிப் பார்த்து, "அம்மைக்கு அவ்வளவு செஞ்சோமேடா" என்றார். அவர் குரலில் கோபமில்லை, அழுகைதான் இருந்தது. பிறகு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். நானும் பிலோமினாளும் மட்டும் உள்ளே நின்றோம்.

ராயப்பனை விடுதலை செய்து வழக்கு முடிந்துவிட்டது. அதை மறுபடி தூக்க முடியாது என்று வக்கீல் குமாஸ்தா சொன்னார். நான் பொய்ச் சாட்சி சொன்னதற்கு வேண்டுமானால் என்னைப் பிடிக்கலாமாம். பிடித்தால் பிடிக்கட்டும்.

கோயிலிலிருந்து நேராகக் கரையோரமாகவே கீழத்துறைக்கு நடந்தேன். அந்த ஊருக்குள் நான் போவது அதுதான் முதல் தடவை. மிக்கேலம்மாள் சுண்ணாம்பு சலித்துக்கொண்டிருந்தாள். மூத்த மகள் பக்கத்தில் இருந்தது. உன்னைப் போலவே இரட்டைச் சடை. நான் அதன் முன்னால் உட்கார்ந்து, "ஒங்க அப்பாவுக்கு நல்லா நீந்தத் தெரியும் மக்கா. எங்க ஊரு ஆளு ஒருத்தன் அடிச்சுக் கொன்னுட்டான். நான் பாத்துக்கிட்டு நின்னேன்" என்றேன். அது என்னைப் பார்க்காமல் தன் அம்மாவைப் பார்த்தது. மிக்கேலம்மாள் சலிப்பதை நிறுத்தவில்லை. நான் எழுந்து வந்துவிட்டேன்.

அன்று மாலையே ஊர்க் கிணற்றில் எங்கள் வீட்டுக் கயிற்றை மட்டும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இந்தத் தடவை கூட்டம் போடவில்லை. மாப்பிள்ளை கடைக்கும் சரக்கு நிற்கும். வேறு துறையில் பார்க்கச் சொல். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

உப்பள முதலாளியும் இந்தத் தடவை கஸ்பார் மாமா பேச்சைக் கேட்டு, வர வேண்டாம் என்றுவிட்டார். அதனால் நேற்றுக் காலையில் கட்டுமரத்தைக் கடலில் இறக்கப் போனேன். ஒரு ஆளால் அதை நகர்த்த முடியாது. கரையில் எல்லோரும் வலை கட்டிக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் தலை நிமிரவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தேன், மணலில் புதைந்ததே தவிர நகரவில்லை. அப்போது பின்னால் யாரோ ஈர மணலை மிதித்து வரும் சத்தம் கேட்டது. பிலோமினாள். சேலையை முழங்காலுக்கு மேல் சொருகியிருந்தாள். நம் ஊரில் எந்தப் பெண்ணும் கட்டுமரத்தில் கை வைத்ததில்லை என்பது உனக்குத் தெரியும். கரையில் இருந்த அத்தனை பேரும் அப்போதுதான் தலை நிமிர்ந்தார்கள்.

"நீ வீட்டுக்குப் போ" என்றேன்.

"அலை வருது, தள்ளுங்க" என்றாள்.

தள்ளினோம். மரம் மிதந்தது. நான் ஏறினேன். இடுப்பளவு தண்ணீரில் நின்ற அவளும் ஏறிவிட்டாள்.

மூன்று கூடை சாளை மீன் கிடைத்தது. இங்கே வாங்க ஆளில்லை. உப்புப் போட்டு வெயிலில் காய வைத்திருக்கிறோம்.

பிள்ளைக்கு என் முத்தம்.

அண்ணன்,
சிலுவைமுத்து